எழுதிவிட்டுக் கொடு

கடைக்கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு முறை உண்டு. கொடுப்பதானால் எழுதிவிட்டுக் கொடு. வாங்குவதானால் வாங்கிவிட்டு எழுது. பணத்தை முதலில் நீட்டிவிட்டு அப்புறம் எழுதிக்கலாம் என்று விட்டால், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், எழுத மறந்துபோகும், ராத்திரி கல்லாவை எண்ணும்போது கணக்கு உதைக்கும்.

2016 ஜூனில், தேர்ந்த கைகள் எழுதி, பல கண்கள் படித்துப் பார்த்து, ஆயிரக்கணக்கானோர் நம்பிப் பணம் போட்ட ஒரு நிரலில் இந்த வரிசை முன்பின்னாக இருந்தது. அது கொடுத்துவிட்டு எழுதியது. சில மணி நேரத்தில் 36 லட்சம் ஈதர் வெளியே போயிற்று. அன்றைய விலையில் அது சுமார் 5 கோடி டாலர். பணம் போனது கதையில் பாதிதான். 'இங்கே எழுதியதை எவராலும் மாற்ற முடியாது' என்ற வாக்கின் மேல் கட்டப்பட்டிருந்தது எதீரியம் என்ற அமைப்பு. அது தன் வாக்கை மீறுவதா, கண்ணெதிரே நடந்ததை விழுங்கிக்கொள்வதா என்று ஒரே மாதத்தில் முடிவு செய்ய வேண்டி வந்தது. மீதிப் பாதி அந்த முடிவைப் பற்றியது.

1

'ஸ்மார்ட் காண்ட்ராக்ட்' என்ற பெயரை 1990களில் வைத்தவர் நிக் ஸாபோ. கணினியும் தெரிந்தவர், சட்டமும் படித்தவர். அவர் காட்டிய உதாரணம் மிகச் சாதாரணமானது: காசு போட்டால் குளிர்பானப் புட்டி விழும் இயந்திரம். அங்கே விற்பவர் கிடையாது, பேரம் கிடையாது, வழக்கும் கிடையாது. ஒப்பந்தம் இயந்திரத்தின் பற்சக்கரங்களிலேயே இருக்கிறது. பெட்டியை உடைக்க ஆகும் செலவு உள்ளே இருக்கும் காசைவிட அதிகமாக இருந்தால் போதும், அது பாதுகாப்பானது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸாபோ எழுதியபோது அதை ஓட்ட இடம் இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் கணினியில் ஓட்டினால் அந்த நிறுவனத்தை நம்ப வேண்டும். 2013 இறுதியில், 19 வயதான விடாலிக் புட்டரின் ஒரு வெள்ளை அறிக்கை எழுதினார். பிட்காயின் போல ஆயிரக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே பேரேட்டை வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பேரேட்டில் நிரல்களும் குடியிருக்கலாம். 2015 ஜூலை 30 அன்று எதீரியம் ஓடத் தொடங்கியது.

அதில் ஒரு ஒப்பந்தத்தை ஏற்றுவது எப்படி? சாலிடிட்டி என்ற மொழியில் நிரலை எழுதுகிறோம். அது எந்திரமொழியாகச் சுருக்கப்படுகிறது. பிறகு பெறுநர் முகவரி இல்லாத ஒரு பரிவர்த்தனையில் அதை வைத்து அனுப்புகிறோம். கட்டணத்தைக் கட்டுகிறோம். சங்கிலி அதற்கு ஒரு முகவரி கொடுக்கிறது. அவ்வளவுதான், நிரல் குடியேறிவிட்டது. அந்த முகவரிக்குப் பணம் அனுப்பலாம். ஆனால் வெளியே எடுக்க யாரிடமும் சாவி கிடையாது, நிரல் எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறதோ அந்த வழியாக மட்டும்தான் எடுக்கலாம்.

சாதாரண மென்பொருளில் தப்பு தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திப் போட்டுவிடுவோம். எத்தனையோ வெள்ளிக்கிழமை இரவுகள் நம்மில் பலருக்கு அப்படிப் போயிருக்கின்றன. இங்கே அது நடக்காது. திருத்துவதற்கான வழியையும் முன்கூட்டியே நிரலில் எழுதி வைத்திருந்தால் ஒழிய, ஏற்றியது ஏற்றியதுதான்.

2

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் மிட்வைடா என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து இயங்கிய ஸ்லாக்கிட் என்ற சிறு நிறுவனத்தில் கிறிஸ்டோஃப் யென்ட்ஷ், அவருடைய சகோதரர் சைமன், ஸ்டெஃபான் டுவால் ஆகியோர் இருந்தார்கள். வாடகைச் சைக்கிளோ வீட்டுக் கதவோ, ஈதர் கட்டினால் தானே திறக்கும் பூட்டைச் செய்வது அவர்கள் திட்டம். ஸாபோவின் குளிர்பான இயந்திரத்தைக் கதவுக்குக் கதவு பொருத்துவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிறிஸ்டோஃப் யென்ட்ஷ் இயற்பியல் படித்தவர். எதீரியம் உருவானபோது அதன் தலைமைப் பரிசோதகராக இருந்தவர். கோ மொழியில் ஒன்று, சி பிளஸ் பிளஸ்ஸில் ஒன்று, பைத்தானில் ஒன்று என்று எதீரியத்துக்குப் பல நிரல் வடிவங்கள் இருந்தன. எல்லாமே ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தர வேண்டும், துளி பிசகினாலும் சங்கிலி இரண்டாகும். அதைச் சோதித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். தெரியாத ஒருவர் எழுதிய நிரல் அல்ல இது என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறுவனத்துக்கு முதல் வேண்டும். வங்கிக்கோ முதலீட்டாளர்களிடமோ போகாமல், முதல் திரட்டும் அமைப்பையே ஒரு ஒப்பந்தமாக எழுதினார்கள். மக்கள் ஈதர் போட்டு டோக்கன் வாங்குவார்கள், திட்டங்கள் வரும், டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள், தேறிய திட்டத்துக்கு நிரலே பணத்தைக் கொடுக்கும். மேலாளர் இல்லை, அலுவலகம் இல்லை. பெயர் 'தி டாவோ'. மூலநிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டது. வெளியாரிடம் பாதுகாப்புத் தணிக்கையும் செய்யப்பட்டது.

2016 ஏப்ரல் 30 அன்று விற்பனை தொடங்கியது. 28 நாட்கள். அவர்கள் எதிர்பார்த்தது சிறிய தொகை. வந்ததோ சுமார் 1.2 கோடி ஈதர், 15 கோடி டாலர். அன்று உலகில் இருந்த மொத்த ஈதரில் ஏழில் ஒரு பங்கு! ஸாபோவின் வாக்கியம் இங்கேதான் தலைகீழானது. பெட்டிக்குள் இருக்கும் காசு எந்தப் பூட்டையும் உடைத்துப் பார்க்கத் தகுந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. பூட்டு மட்டும் அதே பழைய பூட்டு.

தி டாவோவின் விதிமுறைப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மனித மொழியில் நாங்கள் எழுதியிருக்கும் விளக்கம் எல்லாம் புரிந்துகொள்வதற்காக மட்டுமே. நிரலுக்கும் விளக்கத்துக்கும் வேறுபாடு வந்தால் நிரல் சொல்வதே செல்லும் என்பது அதன் சாரம். அப்போது அதைப் பெருமையாகத்தான் எழுதினார்கள்.

3

சரி, ஓட்டை எங்கே இருந்தது?

வெளியேறும் வாசலில். கூட்டாகப் பணம் போடும் இடத்தில் ஒரு பழைய பயம் உண்டு: பெரும்பான்மை சேர்ந்துகொண்டு, பணம் முழுவதையும் தங்களுக்கே கொடுக்கும் திட்டத்துக்கு வாக்களித்துவிட்டால்? சிறுபான்மை என்ன செய்யும்? அதற்காகவே பிரிந்துபோகும் உரிமையை நிரலில் வைத்திருந்தார்கள். பிடிக்காதவர் தன் பங்கோடு கிளம்பி ஒரு 'குட்டி டாவோ' அமைத்துக்கொள்ளலாம். எளியவரைக் காப்பதற்காக வைத்த வாசல் அது.

பிரியும்போது நிரல் மூன்று காரியங்கள் செய்தது. முதலில், அவருடைய பங்கைக் கணக்கிட்டு ஈதரைக் குட்டி டாவோவுக்கு அனுப்பியது. அடுத்து, அவருக்குச் சேர வேண்டிய லாபப் பங்கு ஏதாவது இருந்தால் அவருக்கே கொடுத்தது. கடைசியாக, அவர் கணக்கைச் சுழியமாக்கியது. இரண்டாவது காரியத்தின் பக்கத்தில் நிரலர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். நல்லவனாக நடந்துகொள், அவருக்கு உரியதைக் கொடுத்துவிடு என்று பொருள்படும் சிறு வரி.

படித்தால் எந்தத் தப்பும் தெரியாது. கடைக்கணக்கு முறைப்படி பார்த்தால்தான் உறுத்தும்: கொடுப்பது முன்னால், எழுதுவது பின்னால்.

ஆனாலும் மனிதர் வாங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மனிதர் வாங்கினால் ஒன்றும் ஆகாது. எதீரியத்தில் வாங்குபவர் இன்னொரு நிரலாகவும் இருக்கலாம். நிரலுக்குப் பணம் அனுப்பினால் அந்த நிரல் விழித்துக்கொள்ளும். விழித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதை அதை எழுதியவர் முடிவு செய்கிறார். 'நான் பிரிகிறேன்' என்று மறுபடியும் கூப்பிடச் சொல்லி அவர் எழுதியிருந்தால்? காசாளர் பணத்தை நீட்டுகிறார், பேரேட்டில் பேனா வைக்கும் முன் அதே ஆள் மறுபடியும் வரிசையின் முன்னால் நிற்கிறார். பேரேட்டைப் பார்த்தால் அவர் கணக்கில் இன்னும் முழுப்பணம் இருக்கிறது. மறுபடியும் பங்கு குட்டி டாவோவுக்குப் போகிறது. மறுபடியும் 'நான் பிரிகிறேன்'. கைக்கு வரும் லாபப் பங்கு சுழியமாக இருந்தாலும் பாதகமில்லை, கொடுக்கும் செயலே அவரை விழிக்க வைக்கப் போதுமானது.

இதை யாருமே பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மே 27 அன்று டினோ மார்க், விளாட் ஸாம்ஃபிர், கார்னெல் பல்கலைக்கழகத்தின் எமின் குன் சிரர் ஆகிய மூவரும் தி டாவோவின் வாக்கெடுப்பு முறையில் பல கோளாறுகள் இருக்கின்றன, கொஞ்ச காலம் எதையும் நிறைவேற்றாமல் நிறுத்தி வையுங்கள் என்று பொதுவில் கேட்டார்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் பீட்டர் வெஸனெஸ் என்பவர் இந்தத் 'திரும்ப அழைக்கும்' ஓட்டை எதீரிய ஒப்பந்தங்கள் பலவற்றில் இருக்கலாம் என்று எழுதினார். ஜூன் 12 அன்று டுவால் ஒரு பதிவு போட்டார்: லாபப் பங்குக் கணக்கில் அந்தப் பிழை இருக்கிறது, திருத்திவிட்டோம், தி டாவோவின் பணத்துக்கு ஆபத்தில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, ஒரு இடத்தில் பிழையைப் பார்த்தார், அதே பிழை அடுத்த அறையில் இருந்ததைப் பார்க்கவில்லை. அப்புறம், திருத்தியது களஞ்சியத்தில் இருந்த மூலநிரலை. சங்கிலியில் ஏறி 15 கோடி டாலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நிரல் அப்படியேதான் இருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு வாரம்.

ஐந்தாம் நாள், ஜூன் 17 அன்று, பணம் கசியத் தொடங்கியது.

4

திறந்த பேரேடு என்பதால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அழைப்பும் கண்ணுக்குத் தெரிந்தது, நிறுத்தத்தான் வழி இல்லை. 20 டாலருக்கு மேல் இருந்த ஈதரின் விலை 13 டாலர் அருகே விழுந்தது. 36 லட்சம் ஈதர் ஒரு குட்டி டாவோவில் போய்ச் சேர்ந்தது.

அங்கே ஒரு சின்ன அதிர்ஷ்டம். புதிதாகப் பிறந்த குட்டி டாவோவிலிருந்து சுமார் ஒரு மாதம் எவரும் பணத்தை வெளியே எடுக்க முடியாது. அதுவும் நிரலில் எழுதியிருந்த விதிதான். திருடரையும் அது கட்டியது.

மிச்சப் பணத்தை என்ன செய்வது? ஒரு தன்னார்வக் குழு, அதே ஓட்டை வழியாகப் புகுந்து, எஞ்சிய 70 லட்சத்துக்கு மேற்பட்ட ஈதரைத் தாங்களே எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். முறையைப் பார்த்தால் அதுவும் அதே செயல்தான். இது திருட்டு, இது மீட்பு என்று பிரித்துச் சொல்ல எண்ணம் ஒன்றுதான் இருந்தது, அந்த எண்ணத்தைப் பார்க்க நிரலுக்குக் கண் இல்லை.

எடுத்தவர் பெயரில் இணையத்தில் ஒரு கடிதமும் வந்தது. நிரல் அனுமதித்ததைத்தான் செய்தேன், உங்கள் விதிமுறைப்படியே இந்த ஈதர் என்னுடையது என்று வாதம். கையொப்பம் சரிபார்ப்பில் தேறவில்லை, யாரோ எழுதியதாக இருக்கலாம். ஆனால் வாதத்துக்குக் கையொப்பம் எதற்கு? விதிமுறைப் பக்கத்தில் அவர்களே எழுதி வைத்த வரிதானே அது.

முதலில் மென்மையான வழியை யோசித்தார்கள்: அந்தப் பணம் நகரும் பரிவர்த்தனைகளைச் சுரங்கத்தார் ஏற்காமல் விடுவது. அதற்கான நிரல் வெளியாகிவிட்ட பிறகு, ஜூன் 28 அன்று சிரரும் இரண்டு மாணவர்களும் அதில் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். கட்டணம் கட்டாமலே சுரங்கத்தாரின் கணினிகளை வீண்வேலையில் திணறடிக்க அது வழி விட்டது. ஓட்டையை அடைக்க எழுதிய நிரலிலும் ஓட்டை. அந்த வழி கைவிடப்பட்டது.

மிச்சம் இருந்தது கடினமான வழி, ஹார்ட் ஃபோர்க். குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் தி டாவோவிலும் அதன் குட்டிகளிலும் இருக்கும் ஈதரை ஒரு புதிய ஒப்பந்தத்துக்கு மாற்றி எழுதுவது. பணம் போட்டவர்கள் அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்வது. நடந்த பரிவர்த்தனைகள் அழியாது, வரலாறு அப்படியே இருக்கும். எவர் கையொப்பமும் இல்லாமல் இருப்பு மட்டும் ஒரு நாள் இடம் மாறும்.

செய்யலாமா? ஒரு பக்கம், வீட்டுச் சேமிப்பைப் போட்டவர்கள். மறுபக்கம், இன்று நல்லதுக்காக மாற்றினால் நாளை ஓர் அரசு வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஈதர் வைத்திருந்தவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். கலந்துகொண்டது சிறு பகுதி. அதில் பெரும்பான்மை, மாற்றுங்கள் என்றது. 2016 ஜூலை 20, கட்டம் எண் 19,20,000. பேரேடு மாற்றி எழுதப்பட்டது.

ஒப்பாதவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்து எழுதினார்கள். அது 'எதீரியம் கிளாசிக்' ஆயிற்று. அங்கே அந்த 36 லட்சமும் எடுத்தவரிடமே இருந்தது, கிளாசிக் நாணயமாக. இன்றுவரை இரண்டு சங்கிலிகளும் ஓடுகின்றன. சுமார் ஒரு வருடம் கழித்து, 2017 ஜூலை 25 அன்று, அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம், தி டாவோவின் டோக்கன்கள் சட்டப்படி முதலீட்டுப் பத்திரங்களே என்று அறிக்கை விட்டது. மேலாளரே இல்லாத அமைப்புக்கும் சட்டம் ஒரு பெயர் வைத்துவிட்டது.

5

ஒருமுறை மாற்றியவர்கள் அடுத்த முறையும் மாற்றுவார்கள் என்றுதான் நினைப்போம். நடந்தது வேறு.

எதீரியத்தின் இணை நிறுவனர்களில் ஒருவர் கேவின் வுட். சாலிடிட்டி மொழியை முதலில் முன்மொழிந்தவர். அவருடைய பாரிட்டி நிறுவனம், பலர் சேர்ந்து கையொப்பமிட்டால் மட்டுமே திறக்கும் பணப்பை ஒன்றைச் செய்திருந்தது. 2017 ஜூலையில் அதில் ஒரு ஓட்டை வழியாக ஒன்றரை லட்சம் ஈதர் களவு போயிற்று. அவசரமாகத் திருத்தி, மறுநாளே புதிய நிரலை ஏற்றினார்கள். சிக்கனத்துக்காக, எல்லாப் பணப்பைகளும் தங்கள் வேலைக்கு ஒரே பொது நூலக ஒப்பந்தத்தைக் கூப்பிடும்படி வைத்திருந்தார்கள்.

இந்தத் தடவை பிழை ஏற்றிய விதத்தில். அந்த நூலகத்தை ஏற்றியபின் அதற்கு உரிமையாளர் யார் என்று பதிவு செய்யும் அழைப்பை யாரும் செய்யவில்லை. புது வீட்டைக் கட்டிப் பட்டா வாங்காமல் விட்டதுபோல. ஆகஸ்டில் ஒருவர், ஏற்றும்போதே அந்த அழைப்பைச் செய்துவிடலாமே என்று ஆலோசனை சொன்னார். வசதிக்கான யோசனை என்று எடுத்துக்கொண்டு, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தார்கள். நவம்பர் 6 அன்று யாரோ ஒருவர் அந்த அழைப்பைச் செய்து தானே உரிமையாளரானார். பிறகு, ஒப்பந்தத்தையே அழிக்கும் பொத்தானையும் அமுக்கினார். தெரியாமல் கொன்றுவிட்டேன் என்று அவரே வந்து எழுதினார். நூலகம் போனதும் அதை நம்பியிருந்த 587 பணப்பைகள் உறைந்தன. 5,13,774 ஈதர். யாரும் திருடவில்லை. பணம் அங்கேயேதான் இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை.

2018 ஏப்ரலில், அந்த நூலகத்தை மட்டும் உயிர்ப்பிக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் 2016ஐவிடச் சின்ன மாற்றம். யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவும் வேண்டியதில்லை. வாக்கெடுப்பில் தேறவில்லை. அதற்குப் பின் யாரும் அதை முன்னெடுக்கவில்லை.

ஏன் முன்னதற்கு இரக்கம், பின்னதற்கு இல்லை? தி டாவோவில் மொத்த ஈதரில் ஏழில் ஒரு பங்கு மாட்டியிருந்தது, கிட்டத்தட்ட எல்லோருக்குமே அதில் வலி இருந்தது. பாரிட்டியில் வலித்தது சிலருக்கு. இரண்டு வருடத்தில் சங்கிலியும் வளர்ந்துவிட்டது, இனி ஒருமுறை பிளந்தால் தாங்காது என்ற பயமும் வந்துவிட்டது. நிரலே சட்டம் என்ற வாக்கு இரண்டு தடவையும் ஒன்றுதான். அதைப் பிடிப்பதா விடுவதா என்று தீர்மானித்தது, எத்தனை பேருக்கு எவ்வளவு நஷ்டம் என்ற மனிதக் கணக்கு.

6

இன்று ஒரு ஸ்மார்ட் காண்ட்ராக்ட் திட்டத்தைத் தொடங்கும் இளைஞர் ஒரு கட்டளையில் கோப்புறைகளை வரவழைத்துவிடுகிறார். ஒப்பந்தங்களுக்கு ஒன்று, பரிசோதனைகளுக்கு ஒன்று, ஏற்றும் நிரல்களுக்கு ஒன்று. ஹார்ட்ஹாட் போன்ற கருவிகள் அவருடைய மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பொம்மைச் சங்கிலியை ஓட்டுகின்றன. அதில் தேறினால், மதிப்பில்லாத ஈதர் புழங்கும் டெஸ்ட்நெட்டில் ஏற்றிப் பார்க்கலாம். அதன் பிறகுதான் நிஜச் சங்கிலி. சாலிடிட்டி ஆவணங்கள் ஒரு வரிசையைச் சொல்லித் தருகின்றன: முதலில் சரிபார், அடுத்து உன் கணக்கை மாற்று, கடைசியாக வெளியாரைத் தொடு. எழுதிவிட்டுக் கொடு என்பதுதான் இது, வேறில்லை. அதற்குமேல் பாதுகாப்பாக, ஒரு வேலை முடியும்வரை மறுபடி நுழையவிடாத தாழ்ப்பாள் ஒன்றும் ஓப்பன்ஸெப்பலின் நூலகத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிறது.

இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி அந்த 2016, 2017 அடிகளில் கற்றது. முக்கியமாக ஒன்று மாறியது. முன்பெல்லாம் பரிசோதனை என்றால், பணம் போடுகிறவர் போட்டால் வரவாகிறதா, எடுக்கிறவர் எடுத்தால் கழிகிறதா என்று பார்ப்பது. இப்போது ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் தங்கள் பரிசோதனைக் கோப்புறையில் ஒரு கள்ள ஒப்பந்தத்தையும் எழுதி வைக்கிறார்கள். பணம் கைக்கு வந்தவுடன் திரும்பக் கூப்பிடும் ஒப்பந்தம். அதைத் தங்கள் நிரல்மீது ஏவிவிட்டு, தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பாரிட்டிக்குப் பிறகு, ஏற்றிய மறு நொடி 'இதற்கு உரிமையாளர் யார்?' என்று கேட்கும் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது.

இத்தனையும் செய்த பிறகும் திட்டக் கோப்புறையில் இடம்பெறாத கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் தேறிய நிரலில் நாளை பிழை வந்தால், நஷ்டம் யாருடையது? எழுதியவருடையதா, படித்துப் பார்க்காமல் போட்டவருடையதா, பேரேட்டை வைத்திருக்கும் எல்லோருடையதுமா? தி டாவோவில் அதை நஷ்டம் வந்த பிறகு, மாதக்கெடு கழுத்தைப் பிடிக்க, சண்டையோடு தீர்த்தார்கள். பாரிட்டியில் தீர்க்காமலே விட்டார்கள். பணம் வாங்கும் முன்பே மனித மொழியில் எழுதி வைத்திருக்க வேண்டியது அது. மனித மொழி விளக்கத்துக்கு மட்டுமே என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

தி டாவோவின் நிரல் இன்றும் இரண்டு சங்கிலிகளிலும் அதே முகவரியில் இருக்கிறது. ஒரு எழுத்து மாறவில்லை, யாராலும் மாற்றவும் முடியாது. மூலநிரலைத் தேடி எடுத்து வாசித்தால் அந்தக் குறிப்பும் கண்ணில் படும்: நல்லவனாக நடந்துகொள், அவருக்கு உரியதைக் கொடுத்துவிடு. அதற்கு நேர் கீழே, ஒரு வரி தாமதமாக, கணக்கு எழுதப்படுகிறது.